அடுத்த வீட்டில் இருந்த விதை

அய்யம்மாளுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரிக் காடு, ஒரே மகள், கொஞ்சம் நீளமான நாக்கு. புருஷன் இல்லை. சித்தையன்கோட்டைக்கு மேற்கே எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் தன் விதைச் சோளத்தைத் தன் வீட்டில் வைக்கமாட்டார்கள், அடுத்த வீட்டில்தான் கொடுத்துவைப்பார்கள். பசி வந்தால் தன் விதையை உலையில் போடத் தோன்றும். அடுத்தவன் விதையில் கைவைக்க எவனுக்கு மனசு வரும்? அய்யம்மாள் பானை பொம்மையன் வீட்டில், பொம்மையன் பானை அவள் வீட்டில். ஐம்பத்திரண்டாம் வருஷம் மழை பொய்த்தபோது புளியங்கொட்டையை வறுத்து இடித்து மகளுக்குக் கஞ்சி வைத்தாளே தவிர, பொம்மையன் பானையின் வாய்க்கட்டை அவிழ்க்கவில்லை.

அறுபத்தைந்தில் விதை டிப்போவிலிருந்து வீரிய ஒட்டுச் சோளம் வந்தது. கதிரைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. பழைய சோளத்தைக் கோழிக்கு இறைத்தோம். வருஷா வருஷம் புது விதைதான் வாங்கவேண்டும் என்று டிப்போக்காரர் சொல்லத்தான் செய்தார். நம் காட்டில் விளைந்தது நமக்கு விதையாகாதா என்ற திமிர் எங்களுக்கு. அதையே பானையில் கட்டி வீடு மாற்றி வைத்தோம்.

மறுவருஷப் பயிரைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஒன்று ஆள் உயரம், பக்கத்தில் ஒன்று முழங்கால் உயரம், பாதிக் கதிரில் மணியே இல்லை. டிப்போக்காரர் சொன்னது ஒருவனுக்கும் நினைவில் வரவில்லை. ஒவ்வொருவனும் அடுத்த வீட்டை முறைத்தான்.

பொம்மையன் அய்யம்மாள் வாசலில் வந்து நின்றான்.

"என் விதைய மாத்திட்டியாக்கா?"

"ஏலே, என் காட்டுலயும் அப்படித்தான நிக்கிது? அப்ப நீ மாத்துனியா?"

அவன் திரும்பிப் போய்விட்டான். அய்யம்மாள் விடவில்லை. நத்தம் ஊரில் இருந்த சொந்தக்காரர்களிடம் கெஞ்சிப் பழைய சோளம் ஒரு பானை வாங்கிவந்து, நேரே அவன் வீட்டுக்குத்தான் கொண்டுபோனாள்.

"அவுகவுக வெத அவுகவுக வீட்டுல இருக்கட்டும்க்கா," என்று கதவைச் சாத்தினான்.

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் விதை அவள் வீட்டிலேயே இருந்தது. அந்தக் கோடையில் ரேஷனும் நின்றுபோனது. மகள் பெற்ற பேத்தி பசியில் சுருண்டு கிடந்தாள். ஒரு பிடிதானே என்று வாய்க்கட்டை அவிழ்த்தாள். வீட்டுக்கு வீடு திருகைச் சத்தம் கேட்டது. என்ன அரைக்கிறாய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஆடியில் மழை கொட்டியது. உழுத காட்டை விட்டுவிட்டு ஊரே டிப்போ வாசலில் நின்றது. கதவில் பூட்டு. விதை எங்கிருந்தோ ரயிலில் வரவேண்டுமாம், எப்போது வரும் என்று காவல்காரனுக்கே தெரியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அய்யம்மாள் வெறும் சாக்கைச் சுருட்டிக்கொண்டு பொம்மையன் பக்கம் திரும்பினாள்.

"ஒன் வீட்டுல இருந்திருந்தா இன்னிக்கு வெதச்சிருப்பேன்டா," என்றாள்.