பாதி வலையும் ஆட்டின் ராஜாவும்

எங்கள் வீட்டில் வலை பாதிதான் இருந்தது. மறுபாதி அடுத்த வீட்டில், பெரியப்பாவின் பரணில் கிடந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் அது வலை. பாதியை வைத்துக்கொண்டு எறா என்கிற இறாலுக்கு வேடிக்கை காட்டலாம், அவ்வளவுதான். அதைப் பிரித்தது புயலும் இல்லை, திருடனும் இல்லை. என் நைனாவும் அவருடைய அண்ணனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, குப்பமே பார்க்க, நடுவில் கத்தி வைத்து அறுத்துக்கொண்டார்கள். அளந்து அறுத்தார்கள் என்பதுதான் இதில் விசேஷம். சண்டையிலும் நியாயம் தவறாத குடும்பம் எங்களுடையது.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலம் அது. ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் வலை கட்ட நல்ல இடம் கொஞ்சம்தான் உண்டு. அதனால் வீட்டுக்கு வீடு முறை வைத்துக்கொண்டோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருவருடைய பாடு வரும் நாளில் இன்னொருவர் அங்கே குச்சி நடக் கூடாது. பாட்டுக்கு உரியவன் படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் அவன் வாய் திறந்து கொடுக்காத வரை அந்த இடம் சும்மாதான் கிடக்கும். கேட்காமல் எடுத்தால் அதற்குப் பெயர் திருட்டு. பெற்ற அப்பனே எடுத்தாலும் அப்படித்தான்.

நைனாவுக்கும் பெரியப்பாவுக்கும் வலை பொது, பாடு தனித்தனி. நைனா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது அவருடைய பாடு வந்தது. பெரியப்பா யாரையும் கேட்கவில்லை. வலையை எடுத்துப் போய்க் கட்டினார். கூடை நிறைய எறாவைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார். தனக்கென்று ஒரு கைப்பிடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. காய்ச்சல் தெளிந்து எழுந்த நைனாவோ, என் பாட்டை என்னைக் கேட்காமல் எப்படி எடுக்கலாம் என்று கேட்டார். பிணம் மாதிரி கிடந்தவனை எப்படிக் கேட்பது என்று பெரியப்பா திருப்பிக் கேட்டார். யாருக்காக எடுத்தேன் என்பதை அவர் சொல்லவில்லை, அது தெரிய வேண்டாமா என்ற ரோஷம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று நைனா சொல்லவில்லை, அவருக்கும் அதே ரோஷம். பேச்சு வளர்ந்து, கத்தி வந்து, வலை இரண்டானது. அதற்குப் பிறகு வருஷக்கணக்காக இருவருக்கும் பேச்சில்லை. சொந்தப் பாடு வீணாகப் போக, இருவரும் மற்றவர் படகில் ஏறிக் கூலிக்குப் போனார்கள்.

ஆனால் சீட்டாட மட்டும் எதிரும் புதிருமாக உட்கார்ந்துவிடுவார்கள். இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்புவதில்லை. கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களிலிருந்து சரக்கு இறக்கப் போன காலத்தில், மாலுமிகளிடம் கற்றுக்கொண்டு வந்த ஆட்டம் அது. நாலு பேர் உட்கார வேண்டும். எதிரெதிரே உட்காருகிறவர்கள் சோடி. ஆளுக்கு ஒரு சீட்டு போட, பெரிய சீட்டு போட்டவருக்கு அந்தப் பிடி. பிடித்தவர்தான் அடுத்த சீட்டை இறக்குவார். மொத்தம் பதின்மூன்று பிடி, ஏழு பிடித்த சோடிக்கு ஆட்டம். சோடிக்காரர்கள் ஆட்டத்தின் நடுவே ஒரு வார்த்தை பேசக் கூடாது, கண்ணைக் காட்டக் கூடாது. பேசிக்கொள்ளாத இரண்டு பேருக்கு இதைவிட வசதியான ஆட்டம் உண்டா?

வேறு சோடியோடு ஆடிப் பார்த்தார்கள். நைனா தன்னோடு உட்கார்ந்தவர் மேல் எரிந்து விழுந்தார், பெரியப்பா பாதி ஆட்டத்தில் எழுந்து போனார். கடைசியில் வாய் திறக்காமல் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். ஒரு கை நீட்டினால் தொடும் தூரத்தில் அண்ணன் இருக்க, நைனா என்னைக் கூப்பிட்டு, சீட்டுக் கலைப்பது இப்போது உன் பெரியப்பன் முறை என்று சொல்லச் சொல்வார். நானும் சொல்வேன். பெரியப்பா அதற்கு முன்பே கலைக்கத் தொடங்கியிருப்பார்.

ஆடும் விதத்தில் இருவரும் இரண்டு துருவம். பெரியப்பா தன் சீட்டை ஒரே முறை பார்ப்பார், பிறகு கவிழ்த்துத் தொடையில் வைத்துவிடுவார். கையில் இருப்பது எங்கேயும் போகாது, போனது என்ன என்பதுதான் கேள்வி என்பது அவர் கட்சி. விழுந்த சீட்டு ஒவ்வொன்றும் அவருக்கு நினைவிருக்கும். நைனாவோ எல்லாவற்றையும் பிடிக்கப் பார்க்கிறவன் பேராசைக்காரன் என்பார். முதல் சில பிடிகளைத் தாராளமாக எதிராளிக்கு விட்டுக் கொடுப்பார், ஓட்டம் திரும்பும் வரை காத்திருப்பார். அண்ணன் கணக்கும் தம்பியின் பொறுமையும் சேர்ந்தால் குப்பத்தில் அவர்களை வெல்ல ஆளில்லை. இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத்தான் வழியில்லாமல் போயிற்று.

இந்தச் செய்தி கோட்டைக்கு எட்டியது. சரக்குக் கிடங்கைப் பார்த்துக்கொண்ட ஒல்லாந்துத் துரைக்குச் சீட்டென்றால் உயிர். அவரோடு ஆடிக்கொண்டிருந்த இருவர் கப்பலேறிப் போய்விட, எதிராளி இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். அவருடைய சோடி அவருக்குப் பேச்சு மாற்றிச் சொல்லும் துபாஷி, திருப்பாலைவனம் பக்கத்து நெல்வயல் குடும்பத்துக்காரர். துரை யோசிக்காமல் ஒரு சீட்டு போட மாட்டார். அவர் யோசிக்கிற நேரத்தில் ஒரு வலையைக் காயப்போட்டு மடித்துவிடலாம். துபாஷி சீட்டையே பார்க்க மாட்டார், எதிராளியின் முகத்தைத்தான் பார்ப்பார். நல்ல சீட்டு வந்தால் யாருக்கு மூக்கு விடைக்கும், யாருக்குக் கால் ஆடும் என்று அறிந்து வைத்திருப்பார்.

மூன்று ஆட்டம், இரண்டு வென்றவர் ஜெயித்தவர் என்று பேச்சு. தோற்றால் அடுத்த கப்பல் சரக்கைக் கூலியில்லாமல் இறக்கித் தர வேண்டும். ஜெயித்தால் கிடங்கிலிருந்து ஒரு பொதி வலைநூல்.

வலைநூல் என்றதும் இரண்டு வீட்டிலும் கணக்குப் போட்டார்கள். அந்தப் பொதியில் தாராளமாக ஒரு வலை பின்னலாம். பாதிப் பொதியில் பாதி வலை. ஆக, ஆளுக்குப் பாதி நூல் கிடைத்தால் ஆளுக்கு ஒரு முழு வலை ஆகிவிடும். அந்தப் பருவத்துக்குள் முழு வலை இல்லாதவர்களின் பாட்டை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஊர்ப் பெரியவர்கள் அப்போதுதான் சொல்லியிருந்தார்கள். அண்ணன் தயவும் வேண்டாம், தம்பி தயவும் வேண்டாம் என்று இருவர் முகத்திலும் ஒரு களை வந்தது.

அம்மாவும் பெரியம்மாவும் கூடப் பிறந்தவர்கள். அக்கா தங்கை இருவரையும் ஒரே வீட்டில் கட்டிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடியவர் அவர்கள் அப்பா. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் இருவரும் பேசிக்கொண்டதை நான் கேட்டேன்.

"நூலு வந்துச்சுனா அவ்ளோதான் அக்கா. ரெண்டு வீடும் ரெண்டாவே பூடும்" என்றாள் அம்மா.

"தோத்தா வேற வழி இல்ல. பாடு போவாம இருக்கணும்னா ரெண்டு பாதியையும் கட்டித்தானே ஆவணும்" என்றாள் பெரியம்மா.

அப்புறம் இருவரும் அம்மன் கோயில் இருந்த பக்கம் திரும்பி, எங்கள் புருஷர்கள் இருவரும் தோற்றுப்போக வேண்டும் தாயே, பொங்கல் வைக்கிறோம் என்று வேண்டிக்கொண்டார்கள். நானும் கூடவே கும்பிட்டேன். நைனா தோற்க வேண்டும் என்று கும்பிடுவது கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் கும்பிட்டேன்.

ஆட்டம் மத்தியானத்தில் கிடங்கு வாசலில் நடந்தது. குப்பமே வந்து நின்றது. முதல் ஆட்டம் துரைக்குப் போனது. அம்மா பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது நமக்கு வந்தது. அம்மா கையை விட்டாள். மூன்றாவதில் சோடிக்கு ஐந்து பிடி ஆகி, கையில் மூன்று மூன்று சீட்டு நின்றது. எல்லாவற்றையும் வெட்டுகிற துருப்புச் சீட்டுகள் தீர்ந்துவிட்டன. இன்னும் இரண்டு பிடி பிடிக்கிறவருக்கு நூலும் பெயரும்.

நான் நைனாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அவர் கையில் இருந்த மூன்றும் ஆட்டின் இனம், சிவப்பில் இதயம் போட்டது. ஆசு, ராணி, ஐந்து. ஆசுதான் எல்லாவற்றுக்கும் பெரியது, அதற்கு அடுத்தது ராஜா.

இறக்க வேண்டியது பெரியப்பா. அவர் தொடையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நடுவில் வைத்தார். ஆட்டின் ராஜா. துபாஷி சிறியது ஒன்றைப் போட்டார். இனி நைனா ஐந்தைப் போட்டால் போதும், ராஜா பிடித்துவிடும், அண்ணனுக்குப் பிடி. சிறு பிள்ளைக்கும் தெரிந்த ஆட்டம் அது. எனக்கே தெரிந்தது.

நைனா வெகுநேரம் அந்த ராஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதன் மேல் தன் ஆசுச் சீட்டை வைத்தார்.

கூட்டம் முணுமுணுத்தது. அண்ணன் பிடித்துவிட்ட பிடியைத் தம்பி தட்டிப் பறிக்கிறானே என்று என் பின்னால் யாரோ சொன்னார்கள். பாடு வைத்துப் பிழைக்கும் ஊரில் அதைவிடக் கேவலம் வேறில்லை. நானோ, நைனா பழி வாங்கிவிட்டார், இத்தனை வருஷம் காத்திருந்து, அண்ணன் செய்ததையே ஊரறியத் திருப்பிச் செய்துவிட்டார் என்று நினைத்தேன். பெருமையாக இருந்தது. பெரியப்பாவைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

துரை ஒரு சிறிய ஆட்டின் சீட்டைப் போட்டார். ஆறாவது பிடி நமக்கு. அடுத்து இறக்கும் முறை இப்போது நைனாவுடையது. அவர் ராணியை இறக்கினார். ஆசும் ராஜாவும் போய்விட்டதால் ராணியை அடிக்க ஒன்றும் இல்லை. ஏழாவது பிடி.

துரை கையிலிருந்த சீட்டுகளைக் கீழே வைத்துவிட்டுப் பெரியப்பாவின் மிச்சத்தைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஆட்டினே இல்லை. கறுப்பில் மூவிலை போட்ட, உதவாத இரண்டு கிளாவர் மட்டும் இருந்தன. ராஜா பிடித்திருந்தால் பெரியப்பா அந்தக் கிளாவரைத்தான் இறக்கியிருக்க வேண்டும், துரை கடைசி இரண்டு பிடியையும் அள்ளியிருப்பார், நைனாவின் ஆசும் ராணியும் கையிலேயே செத்திருக்கும். துரை எழுந்து தொப்பியைக் கழற்றினார். இருவரும் சைகை செய்தார்களா என்று அவர் துபாஷியிடம் கேட்டார் போல. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே வருஷக்கணக்காகிறது என்று துபாஷி தமிழிலும் ஒரு முறை சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகம் பார்த்து ஆடுகிற மனிதருக்கு அன்று பார்க்க ஒன்றுமே கிடைக்கவில்லை.

நூல் பொதி வந்தது. எல்லோருக்கும் கதை தெரியும், ஆகவே கிடங்கு ஆள் கத்தியோடு நின்று எந்த இடத்தில் அறுக்க வேண்டும் என்று கேட்டான். அம்மா என் தோளை அழுத்தியது வலித்தது.

நைனா சீட்டைப் பார்த்தபடியே சொன்னார். "உன் பாட்ட நான் எடுத்துக்கினேன்ணா."

"எடுத்துக்கன்னுதானடா போட்டேன்" என்றார் பெரியப்பா.

நைனா நிமிர்ந்தார். "அன்னிக்கு நீயும்..." என்று ஆரம்பித்தார். பெரியப்பா அவரை முடிக்க விடவில்லை. கிடங்கு ஆளிடம் திரும்பி, "கத்திய உள்ள வையிப்பா" என்றார்.

சாயங்காலம் எங்கள் வாசலில் வலையின் இரண்டு பாதியும் விரிந்தன. இந்த முனையில் நைனா, அந்த முனையில் பெரியப்பா, முடிச்சுப் போட்டுக்கொண்டே நடுவுக்கு வந்தார்கள். இடைவிடாமல் பேசினார்கள். பெரும்பாலும் முதல் ஆட்டத்தில் யார் செய்த தப்பால் தோற்றோம் என்ற சண்டைதான். புது நூலில் கொஞ்சம்தான் செலவானது. மீதியில் இன்னொரு முழு வலை பின்னி, அதையும் பொதுவில் வைப்பது என்று முடிவாயிற்று. பருவம் வந்தபோது எங்கள் பாடு எங்களிடமே இருந்தது.

எனக்கு மட்டும் அம்மன் மேல் கோபம். இரண்டு பெண்கள் அவ்வளவு உருகிக் கேட்டார்கள், நானும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கேட்டேன், தோற்கடிக்கத் தெரியவில்லையே அவளுக்கு. அம்மாவும் பெரியம்மாவும் அன்று கிடங்கு வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்தவள் நான். வேண்டுதல் பலிக்காத துக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்த வாரமே இருவரும் தலைக்குக் குளித்து, புதுப்பானையும் வெல்லமுமாகப் பொங்கல் வைக்கப் புறப்பட்டார்கள். வெல்லத்தை என்னிடம் நீட்டினாள் அம்மா. கேட்டதைக் கொடுக்காத சாமிக்கு எதற்குப் பொங்கல் என்று சொல்லி, நான் வாங்க மறுத்துவிட்டேன்.