பட்டுக்கத்தரி வாயைத் திறக்காத வாரம்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பட்டுக்கத்தரிக்கு வாய்தான் பிழைப்பைக் கெடுத்தது. படுக்கையில் இருப்பவர்களைக் கவனிக்க வீடுகளுக்கு ஆள் அனுப்பும் எங்கள் அலுவலகத்தில் நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் அது. பட்டுக் கத்தரித்தாற்போல, ஒரே வெட்டாகப் பேசுவாள். ஐம்பதை நெருங்குகிறவள். கை சுத்தம். அவள் ஆளைப் புரட்டிப் படுக்கவைத்தால் விரிப்பில் சுருக்கம் விழாது. ஆனால் போகிற வீட்டிலெல்லாம் முதல் நாளே, கொடுத்த டீ ஆறுவதற்குள், தனக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிடுவாள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"பின்னாடி தெரிஞ்சா ஏமாத்திட்டேன்னு சொல்லுவாங்கக்கா."

பின்னாடி என்று ஒன்று வந்தால்தானே.

மூன்று வீடுகள் திருப்பி அனுப்பிவிட்டன. இன்னொரு வீடும் அனுப்பினால் பேரை எடுத்துவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். அவளுக்கு வேறு வருமானம் கிடையாது. அந்த நேரம் பார்த்து வந்த வீட்டில், கட்டிலில் படுத்துப் பார்த்தால் நாலு சுவரிலும் சாமி படம். எழுந்திருக்க முடியாத ஓர் அம்மா, தையல் ஆசிரியையாக இருந்தவர். கூட மகள்.

"ஒரு வாரம் வாயைத் திறக்காத. சாப்பிட மட்டும் திற," என்று சொல்லி அனுப்பினேன்.

சொன்னபடியே செய்தாள். வினை அதில்தான் வந்தது. மகள் சாமி பேச்சை எடுத்தாலே இவள் கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டாள். பேசாமல் இருக்க அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். மகள் எனக்கு போன் செய்தாள்.

"எங்க மேடம் பிடிச்சீங்க இவங்கள? மனசுக்குள்ளயே கும்பிடறாங்க. பாத்தாலே தெரியுது."

நான் வாயைத் திறக்கவில்லை.

வாரக் கடைசியில் மகள் அவளைக் கட்டிலருகே கூப்பிட்டாள். நடந்ததைப் பிறகு பட்டுக்கத்தரியேதான் என்னிடம் சொன்னாள்.

"அம்மா பயந்துபோயிருக்காங்கக்கா. சாப்பாடே இறங்கல. கண்ண மூடினப்புறம் போற இடத்தப் பத்தி நீங்க நாலு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க," என்றாள் மகள்.

பட்டுக்கத்தரி துண்டை மடித்து முடித்தாள்.

"எனக்கு நம்பிக்கை இல்லம்மா. போற இடம் தெரியாது. போற வரைக்கும் முதுகுல புண்ணு வராது. அதுக்கு நான் பொறுப்பு."

மகளை முந்திக்கொண்டு கட்டிலில் இருந்தவர்தான் பேசினார்.

"வர்றவங்க எல்லாரும் போற இடத்தையே பேசுறாங்க. முதுகைப் பத்தி ஒருத்தர் கேக்கல. ஏம்மா, அந்தப் பக்கம் கொஞ்சம் எரியுது, பாரேன்."

பார்த்தாள். திருப்பிப் படுக்கவைத்து, தலையணையை இடுக்கி, சூப்பை ஊட்டினாள். கிண்ணம் காலியானது.

அன்று சாயங்காலமே மகளிடமிருந்து மறுபடி போன்.

"ஆளை மாத்தணுமா?" என்று நானே கேட்டுவிட்டேன்.

"அம்மா விடமாட்டேங்கறாங்க. இருக்கட்டும். சாமி ரூம் பக்கம் மட்டும் வரவேணாம்னு சொல்லிடுங்க."

பட்டுக்கத்தரியிடம் சொன்னேன்.

"அங்க யாரும் படுத்துக் கிடக்கலியேக்கா," என்றாள்.

இதை அந்த வீட்டில் போய்ச் சொல்லிவைக்காதே என்றேன்.