சன்னலுக்குக் கீழே ஏழு பேர்

ஸ்லாவ்காவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. குரோஷியாவில் எங்கள் ஷிபெனிக் நகரத்துக் கல்படிகளில் சுற்றுலாக் கூட்டத்தை ஏற்றி இறக்கியே முழங்காலைத் தொலைத்தவள். வழிகாட்டிகள் சங்கத்துக்கு அப்போது நான்தான் செயலாளர். இழப்பீடு கேட்டோம், கதவைச் சாத்தினார்கள். கடைசியில், உட்கார்ந்த இடத்திலேயே ஊர் சுற்றிக் காட்டும் ஒரு விஆர் கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது.

தலையில் கேமராவோடு எங்கள் சந்தில் ஒரு தடவை நடந்து படம் எடுக்க வேண்டும். பிறகு வீட்டிலேயே, கண்ணை மூடி அந்தப் படத்தை மட்டும் காட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வேறு நாடுகளில் கண்ணாடி மாட்டியிருப்பவர்களை அந்தப் படத்துக்குள் கூட்டிப்போக வேண்டும். படம் எடுக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்றது கம்பெனி.

எங்கள் சந்தில் சன்னலிலிருந்து கூப்பிட்டால் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். சொல்லாமல் போனால் பகை.

படம் எடுத்த அன்று எதிர்வீட்டு ஷிமா சன்னலில் நின்று கையைத் தூக்கினாள். "எங்கடி போற? தலையில என்ன, மீன் சட்டியா?"

ஸ்லாவ்கா வாயே திறக்காமல் நடந்தாள். மறுநாள் முதல் என்னைத் தவிர சந்தில் ஒருத்தரும் அவளிடம் பேசவில்லை. வேலை செய்ததற்கு விளக்கம் வேறு சொல்ல வேண்டுமா என்று அவளுக்கும் வீம்பு.

குளிர்காலம் முழுக்க நாற்காலியில் நெளிந்தாள். எழுந்தாள், சன்னல் வரை போனாள், திரும்பி வந்தாள். கண்ணாடியை மாட்டினால் அங்கேயும் ஷிமா, சத்தமில்லாமல், தூக்கிய கையோடு.

ஒருநாள் நான் அவள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடியோடு ஏழு பேரைப் படத்துக்குள் கூட்டிப்போய், ஷிமா சன்னலுக்குக் கீழே வந்திருந்தாள். கணினியில் அவர்களில் ஒரு பின்லாந்துக்காரியின் குரல் கேட்டது.

"அந்தம்மா யாருக்குக் கை காட்டுறாங்க?"

"எனக்குத்தான்."

"அப்புறம் ஏன் நீங்க பதிலே சொல்லல?"

ஸ்லாவ்கா கண்ணாடியைக் கழற்றி என் மடியில் போட்டாள்.

"பாதியில எழுந்தா வேலை போயிடும்மா," என்றேன்.

"போனா போகட்டும் அண்ணே. என்னால முடியல."

நொண்டிக்கொண்டே எதிர்வீட்டுச் சன்னலுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். ஷிமா சன்னலைத் திறந்தாள்.

"என்னடி, வாய் வந்துடுச்சா?"

"அன்னைக்குப் பேசினா படம் கெட்டுடும்னு சொன்னாங்கக்கா. அந்தப் படத்துல நீங்க இன்னும் கையத் தூக்கிட்டே நிக்கிறீங்க."

"நீ?"

"தினமும் உங்களைத் தாண்டிப் போறேன்."

ஷிமா சன்னல் கதவை முழுசாகத் தள்ளினாள். பிறகு, "உள்ள வா. காப்பி போடறேன்."

"உங்க சன்னலுக்குக் கீழ ஏழு பேரு எனக்காக நிக்கிறாங்கக்கா."

ஷிமா எட்டிப் பார்த்தாள். ஈரக் கல்லைத் தவிர கீழே ஒன்றுமில்லை.

"நிக்கட்டும். நான் நிக்கலையா?"