உச்சி வெயிலில் விற்ற கார்

ஒரு முழ வெள்ளைத் துணி. ஓரம் கோணலாகக் கிழிந்திருக்கும். நடுவில் ஒரு பெட்ரோல் கறை. எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. மயிலாப்பூரில் சின்னதாகப் பிரசவ ஆஸ்பத்திரி நடத்திய டாக்டரம்மா, ஒரு மே மாதத்து மத்தியானம் தான் போட்டிருந்த கோட்டிலிருந்து கிழித்த துணி அது. இப்போது என் ஸ்கூட்டரின் முன்பெட்டியில் கிடக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே குமாஸ்தா. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால், அச்சில் வந்ததெல்லாம் சத்தியம் என்று நம்பிய வயசு. அடையாறுக்கு அப்பால் வீடுகளில் பிரசவம் சிக்கலானால் டாக்டரம்மாதான் போவார். பின்சீட்டில் ஒருத்தியைப் படுக்க வைக்க நாலு கதவு வேண்டும், பந்தயக் கார் மாதிரி ஓடவும் வேண்டும். தூதரகத்து வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன ஒரு வகைக் கார்தான் அதற்குச் சரி. அறுபத்துமூன்று மாடல் ஒன்று, அறுபத்தேழு மாடல் ஒன்று என இரண்டு அப்போது விலைக்கு வந்திருந்தன. பார்த்துச் சொல்லும்படி என்னிடம் விட்டார். கார்களைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். அறுபத்தேழில் குதிரைசக்தி அதிகம். அஞ்சாம் வகுப்புப் பையனைவிட ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அதிகம் தெரியும், அதுபோலத்தானே காரும் என்று முடிவு கட்டினேன். காலை ஆறு மணிக்கு, அப்போது வெறிச்சென்றிருந்த பெசன்ட் நகர் கடலோரச் சாலையில் கார் புரோக்கர் ஓட்டிக் காட்டினார். பறந்தது. வாங்கச் சொன்னேன்.

மே மாதம் வந்தது. வேளச்சேரி அப்போது ஏரியும் வயலுமாக இருந்த கிராமம். குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று ஆள் வந்தது, உச்சிப் பொழுதில் கிளம்பினோம். கிண்டி தாண்டுவதற்குள் கார் இருமியது, நின்றது. பெரிய எஞ்சினுக்கு இடம் பண்ணுவதற்காக, அந்த வருஷ மாடலில் பெட்ரோல் பம்பைப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் நெருக்கி வைத்திருந்தார்கள். வெயிலும் சூடும் சேர்ந்ததில் பெட்ரோல் எஞ்சினுக்குப் போகும் முன்பே ஆவியாகிவிட்டது. புத்தகத்தில் இது இல்லை. நான் மரம்போல நின்றேன். அம்மா பானெட்டைத் திறந்து தொட்டுப் பார்த்தார், கையை உதறினார், மேல்கோட்டைக் கழற்றிச் சரக்கென்று கிழித்தார். கூஜாத் தண்ணீரில் நனைத்துப் பம்பைச் சுற்றிக் கட்டிவிட்டு, நாடி பார்ப்பது போலக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பத்து நிமிஷம். என்னைப் பார்க்கவில்லை. பம்பு ஆறிக் கார் கிளம்பியது, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். "இன்னிக்குப் பகவான் பார்த்துண்டான். நாளைக்கும் அவன் தலையிலேயே கட்ட முடியாது" என்றார், திரும்பும்போது.

அந்த அறுபத்துமூன்று ஆழ்வார்பேட்டையில் இன்னும் விற்காமல் நின்றது. வேகம் ஒரு மாற்றுக் குறைவு, ஆனால் எந்த வெயிலிலும் நிற்காதாம். சொந்தக்காரர் மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொன்னார். எங்கள் கார் விற்றால்தான் அதை வாங்க முடியும். புரோக்கர் சிரித்தார். "இதுக்கா கவலை? காலைல ஆறு மணிக்கு பார்ட்டிய இட்டாறேன். வண்டி ஜில்லுனு கீதும். அவனுக்கு இன்னா தெரியப் போவுது?"

"பன்னெண்டு மணிக்கு அழைச்சுண்டு வாரும்" என்றார் அம்மா.

"நைனா, நீயாவது சொல்லேன்! உச்சி வெயில்ல வண்டி காட்டுவாங்களா?" என்று புரோக்கர் என் பக்கம் திரும்பினார். தப்பு என்னுடையது, ஆகவே நானும் கெஞ்சினேன். காலையிலேயே காட்டிவிடலாம் அம்மா, மாதம் முடியப் போகிறது என்றேன். அன்றைக்குத்தான் என்னை நேராகப் பார்த்தார்.

"காலம்பற பார்த்து வாங்கினது நீ. மத்தியானம் தவிச்சவ வேற ஒருத்தி. நாளைக்கு இந்தப் பின்சீட்டுல யார் படுத்துண்டிருப்பான்னு உனக்குத் தெரியுமோ?"

அந்த மாதம் முழுக்கப் பகல் பன்னிரண்டுக்கு அவரே காரை எடுப்பார். பார்க்க வந்தவரை ஏற்றிக்கொண்டு லஸ்ஸிலிருந்து கிண்டி வரை ஓட்டி, வெயிலில் நிறுத்தி, மறுபடி கிளப்பச் சொல்வார். கிளம்பாது. துணியை நனைத்துக் கட்டுவது எப்படி என்று வந்தவருக்கு விளக்குவார். மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் ஓடினார்கள். புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் நாலாவதாக ஒருவர், நீலகிரியில் தேயிலைத் தோட்ட மேனேஜர். துணி கட்டுவதைப் பொறுமையாகப் பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க ஊர்ல இதுக்கு ஈரத் துணி எதுக்கும்மா? கம்பளிதான் போத்தணும்!" ஒளிக்காமல் சொன்னவரிடம் வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை என்று அன்றே விலை பேசி முடித்துக்கொண்டார். வெயில் ஏறுமுன் பாதி தூரம் போய், உச்சிப் பொழுதில் நிழலில் நிறுத்திக்கொள்வதாகச் சொல்லி மறுநாள் அதிகாலையில் கிளம்பினார். துணியை மட்டும் பம்பிலிருந்து அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பணத்தில் டாக்டரம்மா வாங்கிய அறுபத்துமூன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டரைப் பார்க்க ஒருவர் தி. நகர் வீட்டுக்கு வந்தார். நல்ல வெயில், ஒரே உதையில் கிளம்பியது. பிடித்துப்போயிற்று, இப்போதே கொடுங்கள் என்றார். அந்த வெள்ளைத் துணியால் சீட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்: "மழை நாள்ல ஒருதரம் வந்து பாருங்க சார். நனைஞ்சா இது கிளம்பாது."

அவர் போனதும் என் அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்: "படிச்சவன் வண்டி விக்கிற லட்சணத்தைப் பாரு!"

துணியை மடித்துப் பெட்டியில் வைத்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.