ராணியம்மாளின் கண்ணாடிக் குழாய்

விரல் நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்று. அதைப் பஞ்சில் சுற்றி, பழைய பவுடர் டப்பாவுக்குள் பத்திரப்படுத்தி, டப்பாவைத் தன் பையின் நட்டநடுவில் வைத்திருப்பாள் ராணியம்மாள். கூடவே ஒரு ஸ்பிரிட் விளக்கு, புளித்த வாடை வீசும் அமிலப் புட்டி, வயிற்றில் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்கும் மரக்குழல், சத்து மாத்திரைகள். எழுபத்தெட்டாம் வருஷத்தில் காவாந்தண்டலத்துக்கும் சுற்றியிருந்த நாலு குக்கிராமங்களுக்கும் அரசாங்க மருத்துவச்சி அவள்தான். எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு எத்தனையாவது மாதம் என்பது, நோட்டைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். வெயிலானாலும் மழையானாலும் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

அந்தக் குழாயின் மேல் அவளுக்கு ஏன் அத்தனை பிரியம்? அதற்கு ஒரு கதை உண்டு.

ராணிக்குப் பன்னிரண்டு வயது. அவள் அம்மா செல்லாயிக்கு எட்டு மாதம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. ராணி விளையாட்டாய் அம்மாவின் காலைக் கட்டை விரலால் அழுத்துவாள். அழுத்திய இடம் குழியாகவே நிற்கும். ஒரு குழி, இரண்டு குழி என்று எண்ணிச் சிரிப்பாள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். பதினைந்தாம் நாள் களத்துமேட்டில் நெல் தூற்றிக்கொண்டிருந்த செல்லாயி கை கால் வெட்டிக்கொண்டு விழுந்தாள். காற்று கருப்பு என்றார்கள், வேப்பிலை அடித்தார்கள். பொழுது சாய்வதற்குள் தாயும் போனாள், வயிற்றுப் பிள்ளையும் போனது.

பிறகு மிஷன் பள்ளியில் படித்து, மருத்துவச்சிப் பயிற்சிக்குப் போன இடத்தில், "காலில் குழி விழுந்தால் உடனே சிறுநீரைக் காய்ச்சிப் பாருங்கள். வெளுத்துத் திரிந்தால் ஆபத்து" என்று பாடம் நடத்தினார்கள். வகுப்பில் மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். ராணி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இனி என் கண்ணெதிரில் ஒரு தாயும் இப்படிப் போகக் கூடாது என்று அன்றைக்கு அவள் எடுத்துக்கொண்ட சபதத்துக்கு அந்தக் கண்ணாடிக் குழாய்தான் சாட்சி.

செல்லாயி விழுந்த களம் கோவிந்தம்மாளுடையது. ஊரிலேயே பெரிய பயிர்க்குடி. ராணியின் அப்பா பச்சமுத்து அந்த வீட்டு நிலத்தில் ஏர் பிடித்தவர். அந்த வீட்டு மருமகள் சுலோச்சனாவுக்குத்தான் இப்போது எட்டாவது மாதம். தலைப்பிரசவம்.

அந்த வீட்டுக்கு ராணி போனால் பின்பக்கம் மாட்டுக்கொட்டகையோடு சரி. மருமகள் நாலு முழம் தள்ளி நிற்பாள். நடுவில் மாமியார் நிற்பாள். ஊரெல்லாம் நர்சம்மா என்று கூப்பிட்டாலும் கோவிந்தம்மாளுக்கு அவள் பச்சமுத்து பொண்ணுதான். ஆறாம் மாதத்திலும் ஏழாம் மாதத்திலும் சிறுநீர் கேட்டபோது ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அன்று காலை கொட்டகை வாசலில் நின்றபடியே ராணி சுலோச்சனாவின் காலைப் பார்த்தாள். கொலுசு சதையில் பதிந்து கிடந்தது.

"இன்னாம்மா இது, கால் இப்டி வீங்கிக் கீது?"

"நீரு எறங்குதுமே. கால் வீங்கினா சுகப்பிரசவம். ஒனக்கு இன்னா தெரியும்?" என்றாள் கோவிந்தம்மாள்.

"சரிம்மா, நான் தொடல. ஏம்மா சுலோச்சனா, நீயே கட்ட வெரலால அமுக்கிக் காட்டு."

சுலோச்சனா சிரமப்பட்டுக் குனிந்து அழுத்தினாள். விரலை எடுத்தாள். குழி அப்படியே நின்றது.

அம்மாவின் கால்! அதே குழி!

"ஒண்ணுக்கு புடிச்சுக் குடுங்கம்மா. இன்னிக்கி இல்லன்னா நான் இந்த எடத்த வுட்டு நவுர மாட்டேன்."

கோவிந்தம்மாள் முணுமுணுத்தபடி போய் ஒரு கொட்டாங்குச்சியில் கொண்டுவந்து தரையில் வைத்தாள். ராணி குழாயில் ஊற்றி விளக்கில் காட்டினாள். லேசாய்க் கலங்கியது. அமிலம் இரண்டு சொட்டு விட்டாள். அவ்வளவுதான், சோடா போல நுரைத்துப் பொங்கி, பொங்கிய வேகத்தில் தெளிந்தும் போனது.

"பாத்தியா? தெளிஞ்சிடுச்சு. ஒண்ணும் இல்ல. கெளம்பு."

ராணி குழாயை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு, கட்டியிருந்த செவலைப் பசுவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, ஒங்க மருமவ வைக்கோல் துன்றாளா?"

"இன்னாமே ஒளர்ற?"

"மனுசன் நீரு இப்டி பொங்காதும்மா. இது செவல குடுத்தது."

சுலோச்சனா அந்தச் சிரமத்திலும் களுக்கென்று சிரித்துவிட்டாள். கோவிந்தம்மாளின் முகம் கறுத்தது. ஒரு கணம்தான். பிறகு அந்தப் பெரிய மனுஷி உடைந்து போய்க் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இன்னா பண்ணுவேன்! மூணு புள்ளைய வாரிக் குடுத்தவ நானு. வவுத்துப் புள்ளைக்காரி நீரு வெளியாளு கையில போனா செய்வின வெச்சிடுவாங்கன்னு எங்கம்மா சொல்லிக்கீறா. வம்சத்துக்கு இது ஒண்ணுதான் கீது. எப்டிமே குடுப்பேன்?"

ராணிக்கு வந்த கோபம் எங்கோ போய்விட்டது. செத்த தாயின் மகளாய், பயந்த தாயின் முன்னால் நின்ற அவள் மெல்லச் சொன்னாள்:

"அம்மா, ஒரு சொட்டு கூட நான் எடுத்துக்கினு போவ மாட்டேன். ஒங்க கண்ணு முன்னாலயே காச்சறேன். மிச்சத்த ஒங்க கையாலயே கொண்டுபோயி தென்ன மரத்தாண்ட ஊத்துங்க. குழாயையும் நீங்களே கழுவிக் குடுங்க. சரியா?"

கோவிந்தம்மாள் தூணை விட்டாள். பிறகு மருமகளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

இந்த முறை குழாயை விளக்கில் காட்டியதுமே மேல்பாகம் வெளுத்தது. அமிலம் விட்டும் தெளியவில்லை. திரிந்த பால் போலக் கட்டி கட்டியாய் நின்றது.

"தல வலிக்குதாம்மா?"

"ரெண்டு நாளா இடிக்குதுக்கா. கண்ணு முன்னால பூச்சி பறக்குது. அத்தைகிட்ட சொன்னா பயப்படுவாங்கன்னு…" என்றாள் சுலோச்சனா.

"வண்டி கட்டுங்க! இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும்!"

எட்டாம் மாதத்தில் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று கோவிந்தம்மாள் தடுத்தாள். சத்தம் கேட்டு வயலிலிருந்து ஓடிவந்தான் மகன் வேதாசலம். ராணி அவனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "எங்கம்மா ஒங்க களத்துல வுழுந்தப்போ நீ சின்னப் புள்ள. பாத்துக்கினு நின்ன. நெனப்பு கீதா?"

அவன் மாட்டை ஓட்டிவந்து நுகத்தடியில் பூட்டினான்.

வண்டிக்குள் மாமியாரும் மருமகளும். ராணி ஏறவில்லை. ஏறச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை. கொளுத்தும் வெயிலில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வண்டிக்குப் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாய் வந்தாள். ஊரைத் தாண்டி ஏரிக்கரை வந்தபோது உள்ளிருந்து ஓர் அலறல்.

"ஐயோ, இழுக்குதே! கண்ணு மேல போவுதே! நர்சம்மா! ஏறு தாயே, ஏறு! எம் புள்ளைய புடி!"

நர்சம்மா! அந்த வாயிலிருந்து முதல் முறையாக வந்த வார்த்தை. அதை நின்று கேட்க ராணிக்கு ஏது நேரம்? ஓடுகிற வண்டியில் தாவி ஏறினாள். சுலோச்சனாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். தலையைத் தன் மடியில் ஏந்தினாள், வாயில் வழிந்த நுரையைத் தன் முந்தானையால் துடைத்தாள். "மூச்சு வுடும்மா, வுடும்மா" என்று உத்திரமேரூர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். மடியில் இருந்தது சுலோச்சனாவா, செல்லாயியா என்று அவளுக்கே தெரியவில்லை.

உத்திரமேரூரில் ஊசி போட்டு, ஜீப்பில் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அன்று மாலை வயிற்றைக் கீறி எடுத்தார்கள். கைக்குள் அடங்கும் ஒரு பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

"இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் இல்லை. வீட்டில் நீரைக் காய்ச்சிப் பார்த்தது யார்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

ராணி வாயைத் திறக்குமுன் கோவிந்தம்மாள் முந்திக்கொண்டாள். "எங்க ஊரு நர்சம்மா, டாக்டர்! இதோ, இவதான்!"

மறு வருஷம் கோவிந்தம்மாளின் மகள் பவளம் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தாள். ஒரு நாள் காலை கோவிந்தம்மாள் வாழையிலைத் துண்டால் மூடிய சொம்பு ஒன்றை ஏந்திக்கொண்டு, நடுத்தெரு வழியாக, ராணி குடியிருந்த காலனியைப் பார்த்து நடந்தாள். அந்தப் பக்கம் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. தெருவில் நின்ற கன்னியப்பன் கேட்டான்:

"இன்னாம்மா, மோரா? எங்க எடுத்துக்கினு போறீங்க?"

"மோரு இல்லடா. எம் பொண்ணு ஒண்ணுக்கு. நர்சம்மா காச்சிப் பாக்கணும். வழிய வுடு!"

தெருவே வாயைப் பிளந்தது. ராணியின் புருஷன் ஏசுதாஸ் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பனேம்மா," என்றாள் ராணி.

"நீ எத்தினி வாட்டி வந்த! கொட்டாயோட நிக்க வெச்சேன். ஒரு வாட்டி நான் வரேனே." தயங்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள் கோவிந்தம்மாள்.

ராணி விளக்கை ஏற்றினாள். குழாய் சூடேறியது. கோவிந்தம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

"வெளுக்கலியே?"

"வெளுக்கல."

"பொங்கலியே?"

"பொங்காதும்மா. இது ஒங்க பொண்ணுதுதானே!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ராணி சொம்பை எடுத்து நீட்டினாள். "இந்தாங்கம்மா. மிச்சத்த ஒங்க கையாலயே ஊத்திடுங்க."

கோவிந்தம்மாள் அதைத் தொடவில்லை. எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

"நீயே ஊத்திடும்மா," என்றாள். "சொம்பு ஒன்னாண்டயே கெடக்கட்டும். அடுத்த மாசம் வரும்போது எடுத்துக்கினு வா. வாசப்பக்கமா வா."