பூதத்துக்குப் பதிலாக ஒரு பச்சைப் பந்து

"…கம்புல ஒரு பந்தைக் கட்டிக்கினு வந்து, இதான் பூதம், எதுத்து நில்லுன்னீங்க. நின்னேன். காலைலேருந்து நின்னுகினுதான் கீறேன். இப்போ எம் பொண்ணு மூச்சு உட முடியாம கீறாளாம் சார். நான் போவணும்."

அசிஸ்டென்ட் டைரக்டரிடம் அந்தப் பெண் இதைச் சொன்னபோது அவள் நெற்றியில் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. மேக்கப் ரத்தம். புடவை தோளருகே கிழிந்திருந்தது, அதுவும் கம்பெனி கிழித்துக் கொடுத்ததுதான். அவர் வாக்கிடாக்கியை ஒரு கையால் பொத்திக்கொண்டு, "அக்கா, நீங்க கண்டினியூட்டிக்கா. உங்களை எப்படிக்கா விடுறது?" என்றார். மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. மூச்சுக்கு மூச்சு அக்கா.

நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு பெரிய காலி இடத்தில் செட் போட்டிருந்தார்கள். இடிந்த கடைத்தெரு, கவிழ்ந்த பஸ், சுற்றிலும் பச்சைத் துணி. சூப்பர்ஹீரோ படம். நாங்கள் அதில் கூட்டம். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு, ஆள் கேட்டால் இப்படிப் போய் நிற்கிறேன். எங்களோடு வருகிற பெரியவர் ஒருவர், எத்தனையோ படங்களில் செத்து விழுந்தவர், ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "ஹீரோ நின்னா அது ஸ்டைலு நைனா. நாம நின்னா அது கும்பலு." இப்படிப்பட்ட பேச்சு காதில் விழும் என்பதற்காகவே நான் இந்த வேலையை விடாமல் இருக்கிறேன்.

அன்றைய காட்சி இதுதான். பூதத்திடம் அடி வாங்கி ஹீரோ விழுந்து கிடக்கிறார். தெருவில் இருக்கிற சாதாரண ஜனங்கள், பூக்காரம்மா, ஆட்டோக்காரர், இஸ்திரி போடுகிறவர், எல்லோரும் கைகோர்த்துச் சுவராக நின்று பூதத்தைத் தடுக்கிறார்கள். "அவர் மேல கை வைக்கணும்னா எங்களைத் தாண்டிப் போ." முதல் தடவை கத்தியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. பூதத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் வரைந்துகொள்வார்களாம். இப்போதைக்கு ஒரு நீளக் கம்பு, அதன் நுனியில் பச்சைப் பந்து. கீழே அடிபட்டுக் கிடந்தவரும் ஹீரோ இல்லை, டூப். ஹீரோ ஏசி கேரவனில் இருந்தார்.

காலையில் எங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணைக் காட்டி, "இது நல்லா கஷ்டப்பட்ட மூஞ்சி, முன்னாடி போடு" என்றார் ஒருவர். அதை அவள் எதிரிலேயே சொன்னார். அவளும் முன்னால் போய் நின்றாள். கிட்டத்தில் வைத்து அவள் முகத்தை எடுத்துவிட்டார்கள். ஒரு முறை முகம் பதிந்துவிட்டால் அந்தக் காட்சி முடிகிற வரைக்கும் அதே இடத்தில் அதே ஆள் நிற்க வேண்டும். அதற்குத்தான் கண்டினியூட்டி என்று பெயர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிய படம் என்றால் கேட்டிலேயே எங்கள் செல்போனையெல்லாம் வாங்கிப் பையில் கட்டி வைத்துவிடுவார்கள். யாராவது படம் பிடித்து வெளியே விட்டுவிடுவோம் என்று பயம். எங்களைக் கூட்டிக்கொண்டு வருகிற ஏஜெண்டின் போனை மட்டும் யாரும் வாங்குவதில்லை. அதனால் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில், ஆஸ்பத்திரியில், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில், அவசரத்துக்கு ஏஜெண்டின் நம்பரைக் கொடுத்துவிடுவோம். வேறு எந்த வேலைக்குப் போகிற தாய் இப்படிச் செய்வாள்? நாங்கள் செய்வோம். இத்தனை பேரைக் காலையில் அழைத்துப்போய் ராத்திரி கொண்டுவந்து விடுகிற மனிதர், ஒரு சேதியைக் கொண்டுவந்து சேர்க்க மாட்டாரா என்ற நம்பிக்கைதான்.

லைட்டு மாற்றுகிற நேரத்தில் நான் தண்ணீர் குடிக்கப் போனேன். குடைக்குக் கீழே சேர் போட்டு உட்கார்ந்திருந்த ஏஜெண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமா மிஸ். சொல்லிட்டேன் மிஸ். வந்துகினே கீறாங்க. மூச்சு எப்டி கீது இப்போ?"

போனை வைத்தவரிடம், "யாரு அண்ணாத்தே? எந்த ஸ்கூலு?" என்று கேட்டேன்.

"உனுக்கு இன்னா? தண்ணி குட்சிட்டு போய் நில்லு."

"யாரோட புள்ளைக்கு மூச்சு?"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "முன்னாடி நிக்கிதே, அதோட பொண்ணு. பாரிவாக்கம் ஸ்கூல்லேருந்து காலைலேருந்து போன் அடிச்சிகினே கீறாங்க. சொன்னா ஓடிடும் மாமே. ஷாட்டு போச்சுன்னா எம் பொழப்பு போச்சு. சாப்பாட்டு டைம்ல சொல்லிக்கலாம் வுடு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் என்றால் என்ன தெரியுமா? மேலே இருக்கிற ஒவ்வொரு டிபார்ட்மெண்டும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு வருகிற நேரம். அதுவரைக்கும் அந்தக் குழந்தை வீசிங் வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆட்டோ ஏறினால் பத்து நிமிடத்தில் பாரிவாக்கம். இந்த மனிதர் டீச்சரிடம், அவள் வந்துகொண்டே இருக்கிறாள் என்கிறார். டீச்சர் அதை நம்பிக் காத்திருக்கிறார். நான் வேறு யாரையும் கேட்கவில்லை, நேராக வரிசைக்குப் போய் அவளிடம் சொல்லிவிட்டேன். அதைக் கேட்டுத்தான் அவள் அசிஸ்டென்ட் டைரக்டரிடம் போனாள்.

"அவங்க இடத்துல வேற ஆளை நிறுத்துங்க சார்" என்றேன் நான்.

"மூஞ்சி மாறிடும்ணா. ஆடியன்ஸ் கண்டுபிடிச்சிடுவாங்க."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஒரு ஷாட்டுதானேம்மா. முடிச்சிகினு போயேன். எல்லாருக்கும் லேட்டாவுதுல்ல." சொன்னது ஆட்டோக்காரராக வேஷம் போட்டவர். பந்தைப் பார்த்துக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தி, டைரக்டரிடமிருந்து மைக்கிலேயே "சூப்பர்" வாங்கியவர். சுற்றி நின்ற ஒருவரும் அவரைத் தடுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹீரோவுக்காகக் கோத்த கைகள் இன்னும் பாதி கோத்தபடியே இருந்தன.

படம் பிறகு வெளிவந்தது. வானகரத்தில் ஒரு தியேட்டரில் வீட்டுப் பிள்ளைகளோடு பார்த்தேன். அந்தக் காட்சி வந்தபோது தியேட்டரே எழுந்து கைதட்டியது. பக்கத்து சீட்டுக்காரர், ஆபீஸ் கார்டைக்கூடக் கழுத்திலிருந்து கழற்றாமல் வந்திருந்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "காமன் பீப்பிள்தான் சார் ரியல் ஹீரோஸ்." நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஆனால் எனக்கு அவரை அப்படியே பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. திரையில் அவள் முகம் கண்மூடித் திறப்பதற்குள் வந்து போனது. அதற்கப்புறம் வந்த ஷாட்டில் எல்லாம் அதே நிறப் புடவையில் வேறொரு பெண் முதுகைக் காட்டி நின்றாள். அவ்வளவுதான் வேலை. ஒரு முதுகு. அத்தனை பேர் உட்கார்ந்து பார்த்த அந்தத் தியேட்டரில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. இதற்காகவா ஒரு தாயைப் பிடித்து வைத்தீர்கள்? பூதத்தின் எதிரே நிற்கும்போது எங்களைப் பார்த்து உருகுகிறார்களே, அந்த உருக்கத்தில் ஒரு சொட்டு அன்றைக்கு அந்த வெயிலில் எங்கே போயிருந்தது? கதை எழுதுகிறவர்களுக்கும் நாங்கள் ஹீரோவுக்காகச் சாகிற வரைக்கும்தான் வீரர்கள். எங்களில் ஒருத்தி தன் பிள்ளைக்காக வரிசையை விட்டு வெளியே வந்தால் அது ஷாட்டைக் கெடுக்கிற வேலை.

அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். ஏஜெண்டு குடையை விட்டு எழுந்து ஓடி வந்தார். அவள் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். "இப்ப நீ காலை எடுத்து வெளிய வெச்சேன்னு வை, இனிமே எந்தக் கம்பெனி படத்துக்கும் உன்னிய கூப்ட மாட்டேன். மத்த ஏஜெண்டுங்களாண்டயும் சொல்லிடுவேன். ஊட்லயே குந்திகினு கெட."

அவள் அவருடைய இன்னொரு கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையில் இருந்த போன் மறுபடியும் அடித்தது. அவர் அதைக் கட் பண்ணுவதற்காகக் கட்டை விரலைக் கொண்டுபோனார்.

அவள் அதை அவர் கையிலிருந்து எடுத்துக் காதில் வைத்தாள். பிடுங்கவில்லை, கடைக்காரரிடம் சாமான் வாங்குவது போலத்தான் எடுத்தாள். அசிஸ்டென்ட் டைரக்டர், ஆட்டோக்காரர், கீழே கிடந்த டூப், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மிஸ், நான் அவ அம்மா பேசறேன். இப்பதான் மிஸ் எனுக்கே தெரியும்." கொஞ்ச நேரம் கேட்டாள். "பம்ப்பு அடிச்சீங்களா? இன்னும் இழுக்குதா? சரி மிஸ். சாச்சு குந்த வெய்ங்க, படுக்க வெக்காதீங்க. நான் வந்துட்டேன்னு சொல்லுங்க அவளாண்ட." பிறகு ஏஜெண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இந்த நம்பர அழிச்சிடுங்க மிஸ். இதுல இனிமே கூப்டாதீங்க."

போனை அவர் சட்டைப் பையிலேயே போட்டாள். வரிசையை விட்டு வெளியே வந்து கேட்டை நோக்கி நடந்தாள். நானும் கூடவே ஓடி, பையில் இருந்த அவள் போனைத் தேடி வாங்கிக் கொடுத்தேன். மேக்கப் ரத்தத்தைத் துடைக்கவோ புடவையை மாற்றவோ அவள் நிற்கவில்லை. ரோட்டில் இறங்கி, வந்துகொண்டிருந்த ஷேர் ஆட்டோவுக்குக் குறுக்கே கையை நீட்டினாள். டிரைவர் பிரேக் போட்டுவிட்டு, "இன்னாமா, யார் அடிச்சது?" என்று பதறினார்.

"யாரும் அடிக்கல. பாரிவாக்கம் ஸ்கூலாண்ட உடுண்ணா" என்று சொல்லி உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.