பார்ப்பதற்கு ஒரு வெங்காயப் பூ

வாசகசாலையில் சீமைத் தோட்டப் பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது: நீண்ட தண்டின் நுனியில் பந்து மாதிரி ஊதாப் பூ. வெங்காய இனம், அழகுக்காக வளர்ப்பது என்று கீழே போட்டிருந்தது. வெங்காயத்தை அழகுக்கு வளர்க்கிறார்களா? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அண்ணனுக்குக் கிடைத்த ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு பாத்தி சும்மா கிடந்தது. எனக்கு அது போதும்.

அங்கே மல்லிகை வைக்க அண்ணி ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். வாதாடி ஓய்ந்து ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம்: தீபாவளிக்குள் என் வெங்காயம் பூத்தால் பாத்தி எனக்கு, இல்லாவிட்டால் மல்லிகைக்கு.

சமையலறைச் சின்ன வெங்காயத்தையே நட்டேன். தாள் தளதளவென்று வந்தது. பூ எட்டிப் பார்க்கவில்லை. அது பூக்கக் குளிர் வேண்டும் என்று பிறகுதான் படித்தேன். அண்ணி தாளைக் கிள்ளி முட்டையில் போட்டுப் பொரித்துவிட்டு, பூவை எப்போது பொரிக்கலாம் என்று கேட்டார்.

நான் சளைக்கவில்லை. காய்கறி கொண்டுவரும் சீனரின் கூடையில் குச்சாய் என்கிற கீரைக் கட்டு இருந்தது. பார்க்கப் புல் மாதிரி, கிள்ளினால் பூண்டு வாசம். அதில் ஒரு தண்டில் மொட்டு! இந்த வெயிலிலேயே மொட்டு விடுகிற வெங்காய இனம். வேரோடு வேண்டும் என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். மறுநாளே மண்ணோடு ஒரு கொத்து வந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் பூத்தது. தண்டுக்குத் தண்டு வெள்ளை நட்சத்திரங்கள். அண்ணி இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"பூண்டு சாதி, சாமிக்கு ஆகாது. தலையில வச்சா ரசம் தாளிச்ச மாதிரி மணக்கும். அப்புறம் எதுக்குத் தம்பி இந்தப் பூ?"

"பார்க்கிறதுக்கு அண்ணி."

"பார்த்தாச்சு. பிடுங்கு."

பூக்க வேண்டும் என்றுதான் பேச்சு, சூட வேண்டும் என்று இல்லையே என்றேன். அண்ணி விருட்டென்று உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை கோலம் போட வந்தவர், மாவுக் கிண்ணத்தோடு பாத்தியோரம் வெகுநேரம் நின்றதை ஜன்னல் வழியே பார்த்தேன். அடுத்த வீட்டு அக்கா அது என்ன பூ என்று கேட்டதற்கு, சும்மா பார்க்கிற பூ என்று அலட்சியமாகச் சொன்னார். இந்த வரிசையிலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டார். அன்று சாயங்காலமே மல்லிகைக் கன்றை வேலியோரம் நட்டுவிட்டார்.

பாத்தி இப்போது என்னுடையது. ஆனாலும் அந்த ஊதாப் பந்து மனசை விட்டுப் போகவில்லை. குளிர்தானே வேண்டும்? மீன் கடையில் ஐஸ் கிடைக்கிறது, மர ஆலையில் மரத்தூள் கிடைக்கிறது. கிழங்கு கேட்டு சிங்கப்பூர் விதைக் கடைக்கு எழுதியாயிற்று. வந்ததும் ஒரு பெட்டியில் ஐஸுக்கும் மரத்தூளுக்கும் நடுவே படுக்க வைத்து, கோலாலம்பூரிலேயே அதற்கு ஒரு மார்கழியைக் காட்டப் போகிறேன்.